பழைய டிஸ்க் கண்ட்ரோலர், புதுக் கர்னல்: எந்த வழி யாருக்கு?

2024 ஐப்பசி, காலண்டர் வேலை கழுத்தை நெரிக்கும் நேரம், வெளியே விடாத மழை. ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தின் ஃபைல் சர்வர் முன்னால் சனிக்கிழமை மாலை உட்கார்ந்தோம். அதில் ஓடிய சென்டோஸ் 7 என்ற லினக்ஸுக்கு அந்த ஆண்டு ஜூன் 30ஆம் தேதியோடு ஆதரவு முடிந்திருந்தது. சென்டோஸும் சேர்ந்த ரெட் ஹேட் குடும்பத்தின் எட்டாம் பதிப்பு லினக்ஸ் ஒன்றுக்கு மாற்ற வேண்டும். புது எஸ்எஸ்டியில் ஓஎஸ் நல்லபடியாக ஏறியது. ரீபூட் கொடுத்தோம். திரையில் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக ஓடின. டேட்டா டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு மெஷின் எமர்ஜென்சி மோடில் போய் நின்றது. "அண்ணே, நாலு டிஸ்க்குமே காணோம்" என்றான் டிசைன் பார்க்கும் தம்பி. அந்த நான்கிலும் பதினோரு வருட வேலை இருந்தது.

டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றை மெஷினோடு இணைக்கும் கண்ட்ரோலர் கார்டைப் புதுக் கர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதி, எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். எல்எஸ்ஐ சாஸ்2008 சிப் உள்ள கார்டு அது. 2019 மே மாதம் எட்டாம் பதிப்பை வெளியிட்டபோதே, இவ்வகைக் கார்டுகளை இயக்கும் எம்பிடி3சாஸ் டிரைவரிலிருந்து இந்தச் சிப்பை நீக்கியிருப்பதை ரெட் ஹேட் தன் குறிப்புகளில் எழுதிவிட்டது. நான் அதைப் படிக்காமல் வேலையில் இறங்கினேன். தவறு என்னுடையது.

பழைய ஓஎஸ் இருந்த டிஸ்க்கை அழிக்காமல் மேசை டிராயரில் வைத்திருந்ததால் அன்றைக்குத் தப்பித்தோம். அதைத் திரும்ப மாட்டி, இரவு பதினொரு மணிக்கு எல்லா ஃபோல்டரும் வந்துவிட்டன. திங்கட்கிழமை அச்சகம் வழக்கம்போல ஓடியது. ஆனால் பழைய கர்னலிலேயே எத்தனை நாள் இருப்பது? கூடுதல் டிரைவர் போடுவதா, வேறு லினக்ஸுக்குப் போவதா, கார்டையே மாற்றுவதா? அடுத்த சில மாதங்களில் இதே கேள்வி அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்திலும் வந்தது. இரண்டு இடத்திலும் முடிவு வேறுவேறு. ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் எந்த வகைக் கோளாறு என்று பிரிக்க வேண்டும்

எல்லாரும் "டிரைவர் பிரச்சினை" என்று ஒரே பெயரில் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. மருந்தும் மூன்று.

முதலாவது, டிரைவர் கர்னலில் இருக்கிறது. ஆனால் பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னப் பொட்டலத்தில் இல்லை. ரூட் டிஸ்க்கே கார்டில் மாட்டியிருந்தால் மெஷின் பாதியில் நிற்கும், டிராகட் ஷெல் வரும். இரண்டாவது, டிரைவர் இருக்கிறது, நம் கார்டின் எண்ணை அதன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அச்சகத்தில் நடந்தது இது. மூன்றாவது, டிரைவர் கார்டைப் பிடித்துக்கொள்கிறது, டிஸ்க்கும் தெரிகிறது, ஆனால் வேலை ஏறினால் டைம்அவுட், ரீசெட் என்று லாக் நிறைகிறது.

பிரித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே என்ற தெரிவுகளோடு ஓட்டினால் கார்டின் பெயர், அதன் எண், அதைப் பிடித்திருக்கும் டிரைவர் மூன்றும் வரும். சாஸ்2008க்கு எண் 1000:0072. "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இல்லையென்றால் யாரும் கார்டைத் தொடவில்லை என்று பொருள். அப்புறம் மோட்இன்ஃபோ கட்டளையில், அந்த டிரைவருக்கு எந்தக் கார்டுகளைத் தெரியும் என்று சொல்லும் அலையஸ் வரிகளைப் பார்க்க வேண்டும். அங்கே 1000, 0072 என்ற ஜோடி இல்லையென்றால் இரண்டாம் வகை. இருந்தால் மோட்ப்ரோப் கொடுத்து டிரைவரைக் கையால் ஏற்றிப் பார்க்கலாம். டிஸ்க் வந்துவிட்டால் முதல் வகை.

இன்னொரு சோதனையை யாரும் விடக்கூடாது. பழைய கர்னலில் பூட் செய்து, அங்கேயும் அதே பிழை வருகிறதா என்று பாருங்கள். ஒரு வருடம் அணைக்காமல் ஓடிய மெஷின் அப்டேட்டுக்காக ரீபூட் ஆகும்போதுதான் தளர்ந்த கேபிளும் சாகப்போகும் டிஸ்க்கும் வெளியே தெரியும். பழி கர்னல் மேல் விழும். சென்னையில் இதோடு சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கார்டுகள் சர்வர் பெட்டியின் வேகமான காற்றோட்டத்தை நம்பிச் செய்யப்பட்டவை. சாதாரணப் பெட்டியில் மாட்டி, ராத்திரி ஏசியை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகத்தில், சித்திரை வைகாசியில் அதன் ஹீட்சிங்க்கைத் தொடவே முடியாது.

இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டுவது

முதல் வகை என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பழைய கர்னலில் பூட் செய்து, ரெட் ஹேட் குடும்பத்தில் டிராகட், டெபியன் உபுண்டு பக்கம் அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையைப் புதுக் கர்னலின் எண்ணோடு ஓட்டினால் முடிந்தது. ஏன் விட்டுப்போனது என்பதை மட்டும் பார்த்துவிடுங்கள். பூட் பகுதி நிரம்பிப்போய்ப் பொட்டலம் முழுமையாக எழுதப்படாமல் போவது மிகச் சாதாரணம். இன்னொன்று, டிராகட் அந்த மெஷினில் அப்போது இருக்கும் ஹார்டுவேருக்கு மட்டும் பொட்டலம் கட்டும் பழக்கம் உள்ளது. டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலோ விர்ச்சுவல் மெஷினாக மாற்றினாலோ அங்கே வேண்டிய டிரைவர் உள்ளே இருக்காது.

பழைய கர்னலிலேயே இருப்பது

அவசரத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அன்றைக்கு இரவு நாங்கள் செய்ததும் இதுதான். ஆனால் இதை ஒரு தேதி போட்டுத்தான் செய்ய வேண்டும். "தை பிறந்ததும் கார்டு மாற்றுகிறோம்" என்று முதலாளியிடம் சொல்லி, அவர் நோட்டில் எழுத வைத்தேன். தேதி இல்லாவிட்டால் அது மூன்று வருடம் ஓடும். அதற்குள் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் சேராத கர்னலில் எல்லாருடைய கோப்பும் இருக்கும்.

ஒரே பதிப்புக்குள் நடந்த சின்னக் கர்னல் அப்டேட்டில் சிக்கல் என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ரெட் ஹேட் குடும்பத்தில் அப்டேட்டை இறக்கும் டிஎன்எஃப் கருவி இயல்பாக மூன்று கர்னல்களைத்தான் வைத்துக்கொள்ளும். நன்றாக ஓடும் பழைய கர்னல் இரண்டு அப்டேட் கழித்து நமக்குத் தெரியாமலே போய்விடக்கூடும். அதைத் தடுக்க வெர்ஷன்லாக் போடுங்கள், உபுண்டுவில் ஏபிடி மார்க் ஹோல்டு. இன்டர்நெட் பக்கம் முகமே காட்டாத ஃபைல் சர்வருக்குச் சில மாதங்கள் இப்படி இருப்பது தாங்கும். வெளியிலிருந்து ஆட்கள் உள்நுழையும் மெஷினுக்கு நான் ஒரு வாரத்துக்கு மேல் சம்மதிக்க மாட்டேன்.

கூடுதல் டிரைவர்: சுலபமாகத் தெரியும் வழி

ரெட் ஹேட் குடும்பத்தில் நீக்கப்பட்ட டிரைவர்களை எல்ரெப்போ என்ற தன்னார்வத் தொகுப்பு, கர்னலோடு தனியாகச் சேர்க்கும் கேமாட் பொதிகளாகத் தருகிறது. எம்பிடி3சாஸ், மெகாரெய்டு சாஸ் இரண்டுக்கும் உண்டு. ஓஎஸ் நிறுவும்போதே டிஸ்க் தெரியவில்லை என்றால் அதற்கென்று தனி டிரைவர் டிஸ்க் ஐஎஸ்ஓவும் வைத்திருக்கிறார்கள். பொதியைப் போட்டு, ரீபூட் கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும். செலவு பூஜ்யம். பெட்டியைத் திறக்க வேண்டாம். அம்பத்தூர் அலுவலகத்தில் நான் முதலில் இதைத்தான் செய்தேன்.

நான்கு மாதம் ஓடியது. பிறகு ஒரு புள்ளிப் பதிப்பு வந்தது, அதாவது பதிப்பு எண்ணில் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண் ஒன்று கூடியது. ரெட் ஹேட் குடும்பத்தில் ஒரே புள்ளிப் பதிப்புக்குள் கர்னல் மாறினால் கேமாட் பொதி பெரும்பாலும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். புள்ளிப் பதிப்பு மாறும்போது புதிதாகக் கட்டிய பொதி வேண்டியிருக்கும், அது வருவதற்குச் சில நாள் ஆகலாம். அந்த இடைவெளியில் அவர்களுடைய மெஷின் தானாக அப்டேட் ஆகி, இரவு கரன்ட் போய் யூபிஎஸ் இறங்கியதால் ரீபூட்டும் ஆகிவிட்டது. காலையில் டிஸ்க் இல்லை. எனக்கு ஃபோன் வந்தபோது நான் திண்டிவனத்தில் இருந்தேன். கணக்குப் பிரிவில் இருந்த அம்மாவிடம் ஃபோனிலேயே, ரீபூட் கொடுத்து, எந்தக் கர்னலில் பூட் ஆவது என்று கேட்கும் கிரப் மெனு வந்ததும் இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகச் செய்தார். மெஷின் எழுந்தது.

பொதி கட்டுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சம்பளம் இல்லாமல் அவர்கள் செய்யும் வேலை பெரியது. ஆனால் அந்த அலுவலகத்தில் லினக்ஸ் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். அன்றிலிருந்து எந்த வழியைச் சொல்வதற்கு முன்னும் ஒரு கேள்வி கேட்கிறேன்: அடுத்த அப்டேட் வரும் காலையில் அந்த மெஷின் முன்னால் யார் இருப்பார்கள்? முழுநேர சிஸ்டம் அட்மின் இருக்கிறார், அப்டேட்டை முதலில் வேறொரு மெஷினில் சோதிப்பார் என்றால் கூடுதல் டிரைவர் நல்ல வழி. கணக்கு எழுதுகிறவரும் டிசைன் செய்கிறவரும்தான் இருப்பார்கள் என்றால் வேண்டாம்.

டிகேஎம்எஸ் என்ற கருவியை வைத்து நாமே டிரைவரைக் கட்டுவதும் இதே ரகம். புதுக் கர்னல் இறங்கும்போது தானாகக் கட்டிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் கர்னலின் உள் இடைமுகம் மாறினால் கட்டுமானம் தோற்கும். கர்னல் ஹெடர் பொதி இறங்காவிட்டாலும் தோற்கும். அப்டேட் முடிவில் ஓடும் நூறு வரிகளுக்குள் அந்தப் பிழை ஒளிந்திருக்கும். கையெழுத்தில்லாத நிரலை ஏற்காத செக்யூர் பூட் போட்டிருந்தால் நம் டிரைவருக்குக் கையெழுத்திட்டு, அந்தச் சாவியை மெஷினில் பதிவும் செய்ய வேண்டும். கூடுதல் டிரைவர் எதுவானாலும் இந்தச் சாவி வேலை உண்டு.

டிரைவரைக் கைவிடாத லினக்ஸுக்குப் போவது

பலருக்குத் தெரியாத ஒன்று: எல்லா லினக்ஸுக்கும் அடிப்படையான மூலக் கர்னல் இந்த டிரைவர்களை நீக்கவில்லை. மூலக் கர்னலில் எம்பிடி2சாஸ் டிரைவர் 4.4 பதிப்பில் எம்பிடி3சாஸுக்குள் சேர்க்கப்பட்டது. சாஸ்2008 சிப்புக்கான ஆதரவும் அதற்குள் தொடர்கிறது. நீண்ட காலம் பொறுப்பேற்க வேண்டிய ஹார்டுவேர் பட்டியலைக் குறைக்க ரெட் ஹேட் தன் கர்னலில் மட்டும் எடுத்த முடிவு அது. அதனால் டெபியன் 12இன் 6.1 கர்னலிலோ உபுண்டு 24.04இன் 6.8 கர்னலிலோ அதே கார்டு எதுவும் செய்யாமலே தெரியும். ரெட் ஹேட் குடும்பத்தை விட்டு வர மனமில்லாதவர்களுக்கு, 2024 மேயில் வந்த அல்மாலினக்ஸ் 9.4 நீக்கப்பட்ட பல சாதனங்களைத் தன் கர்னலில் திரும்பச் சேர்த்தது. மெகாரெய்டு சாஸ், எம்பிடி3சாஸ், ஹெச்பிஎஸ்ஏ எல்லாம் அதில் உண்டு.

அம்பத்தூரில் கடைசியில் இந்த வழிக்குத்தான் வந்தோம். அங்கே இருந்தது ஹார்டுவேர் ரெய்டு கார்டு, அதாவது பல டிஸ்க்குகளைத் தானே ஒன்றாகக் கோக்கும் கார்டு; டிஸ்க்குகள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்ற விவரத்தை அந்தக் கார்டின் வம்சம் மட்டுமே படிக்கும். கார்டை மாற்றத் தயக்கமாக இருந்தது. கம்பெனியின் கணக்கு மென்பொருள் ரெட் ஹேட் குடும்பத்துக்கு மட்டும் ஆதரவு தருவதால் டெபியனுக்கும் போக முடியவில்லை. அல்மாவுக்கு மாறினோம். டிரைவர் கர்னலோடு வருகிறது, அப்டேட்டுக்கு அப்டேட் யாரும் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. மெஷினுக்கே வயதாகிவிட்டது என்ற கவலை மட்டும் மிச்சம். அதற்கு வேறு பட்ஜெட், வேறு பேச்சு.

மாறுவதற்கு முன் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து டிஸ்க் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். பதினைந்து நிமிடம். எதையும் அழிக்காது. அன்றைக்கு அச்சகத்தில் நான் இதைச் செய்திருந்தால் அந்தச் சனிக்கிழமை இரவே தேவைப்பட்டிருக்காது.

கார்டை மாற்றுவது

அச்சகத்தில் கடைசியில் கார்டையே மாற்றினோம். அங்கே அது எளிது. அவர்களுடைய கார்டு ஐடி மோடில் இருந்தது, அதாவது டிஸ்க்குகளை அப்படியே கர்னலிடம் கொடுத்துவிடும். ரெய்டு செய்வது லினக்ஸின் எம்டிஅட்மின். ரெய்டு விவரம் டிஸ்க்குகளிலேயே எழுதியிருப்பதால், அவற்றைக் காட்டக்கூடிய எந்தக் கார்டில் மாட்டினாலும் லினக்ஸ் அடையாளம் கண்டுகொள்ளும். ஹார்டுவேர் ரெய்டில் இப்படி எடுத்து மாற்ற முடியாது. அதே வம்சத்துப் புதிய கார்டு பழைய அமைப்பை ஏற்றுக்கொள்ள வாய்ப்பு உண்டு, ஆனால் தயாரிப்பாளரின் ஆவணத்தில் அந்த ஜோடி எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாமல் முயலாதீர்கள். ரெய்டு கார்டைக் கழற்றிச் சாதாரணக் கார்டில் டிஸ்க்கை மாட்டினால் தகவல் துண்டு துண்டாகத் தெரியும். "புதிதாக ரெய்டு உருவாக்கவா" என்று திரை கேட்கும்போது பதற்றத்தில் ஆமாம் என்று அழுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சாஸ்3008 சிப் உள்ள 9300-8ஐ கார்டு ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கினோம். ரெட் ஹேட்டின் எட்டிலும் ஒன்பதிலும் இந்தச் சிப்புக்கு ஆதரவு இருக்கிறது. வாங்கும்போது இரண்டு விஷயம். ஒன்று கேபிள்: பழைய 9211 வகைக் கார்டில் இருப்பது எஸ்எஃப்எஃப்-8087 கனெக்டர், 9300இல் இருப்பது எஸ்எஃப்எஃப்-8643. கார்டு மட்டும் வாங்கிக்கொண்டு ராயப்பேட்டை திரும்பினால் கேபிளுக்காக மறுபடி அண்ணா சாலை ட்ராஃபிக்கில் நிற்க வேண்டும். இரண்டாவது, அந்தத் தெருவில் கிடைப்பவற்றில் பல, சர்வர்களிலிருந்து கழற்றிய கார்டுகள். அதில் தப்பில்லை, நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். ஆனால் கடையிலேயே ஒரு மெஷினில் மாட்டி, எல்எஸ்பிசிஐயில் எண் சரியாக வருகிறதா, கார்டுக்குள் பதிந்திருக்கும் நிரலான ஃபர்ம்வேர் ஐடி மோடா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். கடைக்காரர் "மாட்டிப் பாருங்க சார்" என்றார். மாட்ட விடாத கடையில் நான் வாங்குவதில்லை.

பொங்கல் விடுமுறையில் மாட்டினோம். முதலில் முழு பேக்கப். டிஸ்க் ஒவ்வொன்றிலும் எந்தப் போர்ட் என்று மார்க்கரில் எழுதினோம். பூட் செய்ததும் நான்கு டிஸ்க்கும் வந்தன. ரெய்டு மட்டும் எம்டி0 என்பதற்குப் பதில் எம்டி127 என்ற பெயரில் எழுந்தது. புது ஓஎஸ்ஸில் எம்டிஅட்மின் கான்ஃபிக் கோப்பு இல்லாவிட்டால் இப்படி ஆகும். எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், மாறாத அடையாளமான யூயூஐடி போட்டிருந்ததால் பெயர் மாறியது எதையும் பாதிக்கவில்லை. கார்டு மாற்றுகிற எவரும் முந்தின நாளே பார்க்க வேண்டிய வரி அது. எஸ்டிஏ, எஸ்டிபி என்று டிஸ்க் பெயரை நேரடியாக எழுதியிருந்தால் கண்ட்ரோலர் மாறியதும் வரிசை குலையும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் தடுமாறுகிறது என்றால்

மூன்றாம் வகைக்கு மேலே சொன்ன எதுவும் முதல் மருந்து இல்லை. முதலில் கார்டின் ஃபர்ம்வேர். சாஸ்2008க்கு 20.00.07.00தான் கடைசிப் பதிப்பு; அதற்கு முந்தைய 20 வரிசைப் பதிப்புகளில் ஒன்று இருந்தால் வேறு எதையும் தொடும் முன் இதை ஏற்றுங்கள். அடுத்து ஐஓஎம்எம்யூ, அதாவது கார்டுகள் நினைவகத்தை அணுகுவதைக் கட்டுப்படுத்தும் பகுதி. விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் 5.15 கர்னலுக்கு மாறியபோது இன்டெல் ஐஓஎம்எம்யூ இயல்பாகவே ஆன் ஆனது. பழைய மெஷின்களில் இது சிக்கல் தரலாம், அணைத்துப் பாருங்கள் என்று அவர்களே வெளியீட்டுக் குறிப்பில் எழுதினார்கள். கிரப்பில் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் அணைத்துச் சோதிக்கலாம், நிரந்தரமாக எழுத வேண்டியதில்லை. விர்ச்சுவல் மெஷினுக்குக் கார்டை நேரடியாகக் கொடுத்திருப்பவர்கள் இதை அணைத்தால் அந்த வசதி போய்விடும். அவர்கள் கார்டை மாற்றுவதே நல்லது.

டைம்அவுட் வரம்பைக் கூட்டி லாக்கை அமைதியாக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஒரே டிஸ்க்கின் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் டிஸ்க்கையும் கேபிளையும் பாருங்கள். எல்லா டிஸ்க்கும் ஒரே நொடியில் விழுந்தால் கார்டு, சூடு, அல்லது பவர் சப்ளை.

அச்சகத்தில் இப்போது அப்டேட் இப்படி நடக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், வேலை முடிந்த பிறகு. பழைய கர்னலே இயல்பாக இருக்க, கிரப் ரீபூட் கட்டளையால் புதுக் கர்னலை ஒரே ஒரு முறை மட்டும் ஏற்றுகிறோம். கர்னல் வரியில் பேனிக்=10 இருப்பதால், அது பேனிக் ஆனால், அதாவது மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றால், பத்து நொடியில் தானாக ரீபூட் ஆகிப் பழையதுக்குத் திரும்பும். டேட்டா டிஸ்க்கின் எஃப்எஸ்டேப் வரியில் நோஃபெயில் சேர்த்திருக்கிறோம். டிஸ்க் வராவிட்டாலும் மெஷின் எழுந்து நிற்கும், நான் வீட்டிலிருந்து உள்ளே போகலாம்.

நோஃபெயில் மட்டும் போட்டுவிட்டு விட்டால் ஓர் ஆபத்து உண்டு. டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில், கோப்புகளை மற்ற கணினிகளுக்குத் தரும் சாம்பா வெறும் ஃபோல்டரைப் பகிரும். டிசைனர் அதில் சேமிப்பார், கோப்பு எஸ்எஸ்டியில் போய் விழும். பிறகு டிஸ்க் மவுண்ட் ஆனதும் அந்தக் கோப்பு அடியில் மறைந்துவிடும். அதனால் சாம்பாவைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி யூனிட் கோப்பில் ரெக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் என்ற வரியில் டேட்டா ஃபோல்டரின் பாதையைக் கொடுத்திருக்கிறோம். டிஸ்க் வந்தால்தான் பகிர்வு தொடங்கும். திங்கட்கிழமை காலை தம்பி முதலில் ஒரு பழைய காலண்டர் டிசைனைத் திறந்து பார்க்கிறான். திறந்துவிட்டால் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புகிறான். அதைப் பார்த்த பிறகு புதுக் கர்னலை இயல்பாக மாற்றுகிறேன்.